கோசோங் வாரம்

எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. கறுப்பு நிறம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரம். பல்லி குடியேறிவிடக் கூடாது என்று என் மனைவி இரண்டின் வாயிலும் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கிறாள். வலது பூட்ஸுக்கு ஒரு குறையும் கிடையாது, இன்னும் சில வருஷம் உழைக்கும். இடது பூட்ஸுக்குள் அண்மைவரை கை விட்டால் ஸ்பாஞ்சு தட்டுப்படும். பாத்திரம் தேய்க்க வாங்கும் அதே மஞ்சள் ஸ்பாஞ்சுதான். ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் பெருவிரலுக்குக் கீழே வரும் இடம் மட்டும் வட்டமாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தாலே வெட்டியவர் கை நடுங்காத மனிதர் என்பது தெரிந்துவிடும். தலைமயிரைப் போன்ற கண்ணாடி இழைகளை ஒட்டியே வாழ்ந்த கை அது.

அவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். பாலோ பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு தம்போயில் வீடு எடுத்துக்கொண்டு, தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகை வேலை செய்யும் ஆட்களோடு சேர்ந்தார். பூமிக்கடியில் ஓடும் ஒளியிழைக் கேபிள் அறுந்தால் போய் ஒட்டுவது அவருடைய வேலை. நான் அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில், ஜொகூர் பாருவில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். இழை எங்கே நோகிறது என்று நான் சொல்வேன், அவர் போய் மருந்து போடுவார். “மாப்ளே, நீங்க ஏர்கான்ல குந்திக்கிட்டு விரல் நீட்டுறீங்க, நான் சேத்துல எறங்கித் தேடுறேன். நல்லா இருக்கு லா ஒங்க பொழப்பு,” என்று போனில் சீண்டுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டும் அதையேதான் சொல்வார்.

வேலையில் அவரைப் போல ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. இழையை ஒட்டுவதற்குமுன் நுனியை நறுக்குவார்கள். நறுக்கிய துணுக்கு கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. மற்றவர்கள் கால்சட்டையில் தட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். மச்சான் ஒவ்வொரு துணுக்கையும் பசைநாடாவில் ஒட்டியெடுத்து, மூடி திருகும் சிறிய போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தனியாகச் சுற்றிக் குப்பையில் போடுவார். தோட்டத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம், கண்ணாடியைப் போட்டுவிட்டு வருவது பாவம் என்பார்.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒளியிழையில் செய்தி வெளிச்சத் துடிப்புகளாகப் போகிறது. ஊர் ஊராகக் கடந்து போகும்போது வெளிச்சம் சோர்ந்து, இடையில் சில துடிப்புகள் மாறிப் போகும். அதனால் அனுப்பும் முனையிலேயே செய்தியோடு சில கூடுதல் துடிப்புகளைக் கணக்குப் போட்டுச் சேர்த்துவிடுவார்கள். வாங்கும் முனையில் இருக்கும் கருவி அந்தக் கூடுதலை வைத்து எது தவறாக வந்தது என்று கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும். திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. பிழைதிருத்தக் குறியீடு என்று அதற்குப் பெயர். எங்கள் அறையில் சுருக்கமாக ஃபெக் என்போம். இதை என் மனைவிக்கு விளக்க நான் படம் வரைந்து தோற்றுப்போன ஒரு மாலையில், மச்சான் அவர்களுடைய அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தார். பாலோ வீட்டில் பழைய தொலைபேசி எப்போதும் கரகரக்குமாம். என் மாமியார் கடைக்குப் போன் போட்டு, “தேங்காய் மூணு, வாழைப்பூ ரெண்டு, பூசணிக் கீத்து ஒண்ணு, ஆக மொத்தம் ஆறு” என்பாராம். நடுவில் ஓர் எண் இரைச்சலில் தொலைந்தாலும், மொத்தத்தை வைத்துக் கடைக்காரர் அதைப் பிடித்துவிடுவார். “அம்மா அப்பவே ஃபெக் போட்டவங்க,” என்றார் மச்சான். என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. “ரெண்டு நம்பர் காணாமப் போச்சுன்னா?” என்று கேட்டாள். “அப்பக் கடைக்காரர் தலையச் சொறிய வேண்டியதுதான்.”

அவள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. பிழைகள் ஓர் அளவுக்குள் இருக்கும்வரை கருவி அத்தனையையும் திருத்திவிடும். வாடிக்கையாளருக்கு ஒரு சிறு குறைகூடத் தெரியாது. அந்த அளவைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவது என்ற பேச்சே இல்லை, ஒரேயடியாக எல்லாம் போய்விடும். நேற்றுவரை குறையில்லாமல் ஓடிய லைன் இன்று பிணம். அதனால் எங்கள் திரையில் ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு எண்கள் உண்டு. திருத்துவதற்கு முன் எத்தனை பிழை என்பது ஒன்று, அதை ப்ரீ-ஃபெக் என்போம்; திருத்திய பிறகு எத்தனை மிச்சம் என்பது இன்னொன்று. இரண்டாவது எண் எப்போதும் சுழியமாகத்தான் நிற்கும், பச்சை விளக்கும் அதற்குத்தான் எரியும். மேலாளர்கள் பார்ப்பது அதைத்தான். மச்சான் பார்ப்பது முதல் எண்ணை. அது ஏறினால், “லைன் வேர்க்குது லா, மாப்ளே,” என்பார். சிரித்துக்கொண்டு வேலை செய்கிறவன் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டிருப்பதைப் போல என்று அவருக்கு எண்ணம்.

பாலோ பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் ஒரு லைன் அப்படி வியர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கேபிள்கள் சேரும் இணைப்புப் பெட்டி ஒன்று குழிக்குள் இருந்தது, அதற்குள் தண்ணீர் கசிகிறது என்பது மச்சானின் கணிப்பு. மழை பெய்தால் முதல் எண் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும், ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முன்னைவிடச் சற்று மேலேயே நிற்கும். பெட்டியைத் திறந்து புதிதாக ஒட்ட வேண்டுமானால் லைனைச் சில மணி நேரம் நிறுத்த வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். நான் கேட்டேன், மச்சானின் குத்தகைக்காரர் கேட்டார். பதில் ஒன்றுதான்: பிழை சுழியம், வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை, பிறகு எதற்குத் தோண்ட வேண்டும்? முதல் எண் ஓர் எல்லையைத் தாண்டினால் ஒலிக்கும் மஞ்சள் எச்சரிக்கை அந்த லைனுக்கு ஓயாமல் அடித்து எல்லோருடைய காதையும் துளைத்ததால், மேலாளர் அதன் எல்லையை உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டார். ஒலி நின்றது. அறையில் ஒருவர், “அப்பாடா,” என்று பெருமூச்சே விட்டார். இதை மச்சானிடம் போனில் சொன்னேன். “வலி தெரியாம இருக்க ஊசி போட்டுட்டாங்க. நோவு போயிருமா, மாப்ளே?” என்றார். அந்தக் கேள்வியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. கேட்ட வாய் அவருடைய வாய்.

மச்சானுக்கு இனிப்பு நீர் இருந்தது, சர்க்கரை வியாதிதான். எங்களில் யார் வீட்டில்தான் அது இல்லை. குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி சொல்லும் கிளினிக்கில் உடம்பைக் காட்டித் தேறினால்தான் வெளிவேலை. தேறாவிட்டால் ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்டோரில் ஓவர்டைம் கிடையாது என்பது ஒருபுறம் இருக்கட்டும், மச்சானைப் பொறுத்தவரை அது உயிரோடு பெட்டியில் போடுவதற்குச் சமம். அந்தக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து அன்றைய சர்க்கரையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதனால் செக்கப் வரும் வாரத்தில் மச்சான் சோற்றை விட்டுவிடுவார். மறந்துபோயிருந்த மாத்திரைகளை வேளை தவறாமல் போடுவார். மற்ற நாட்களில் கெட்டிப்பால் ஏறிய தே தாரிக்கை ஆற்றி ஆற்றிக் குடிக்கும் மனிதர், அந்த வாரம் மட்டும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ‘தே ஓ கோசோங்’ என்பார், சர்க்கரையும் பாலும் சேராத வெறும் தேநீர். கடையில் டீ, காப்பி என்று தண்ணீர் கலக்குகிறவருக்கு அது அத்துப்படி. கோசோங் என்று கேட்டதுமே, “கிளினிக் வருதா அண்ணே?” என்று சிரிப்பார். இது மச்சான் ஒருவருடைய பழக்கம் மட்டும் அல்ல. அவருடைய ஆட்கள், அதே செக்கப்புக்குப் போகும் எங்கள் அறையில் பாதிப் பேர், எல்லோருக்கும் அந்த வாரம் உண்டு. கோசோங் வாரம் என்றே பெயர் வைத்திருந்தோம். செக்கப் முடிந்த அன்று மத்தியானம் எல்லோரும் சேர்ந்து போய் வாழையிலைச் சாப்பாடு, கடைசியில் கேசரி.

என் மனைவிக்கு மட்டும் அது பிடிக்காது. “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சோத்த மறைச்சே பூசணிக்காய மறைக்கிறீங்க அண்ணே,” என்பாள். மச்சான் சிரித்து மழுப்புவார். அந்த வருஷமும் அப்படியே தேறினார். கிளினிக் பெண், உங்கள் வயதில் இந்த எண்ணா என்று பாராட்டியதாக எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னார். சொல்லிச் சொல்லியே அந்தப் பாராட்டு அவருக்குள் இறங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. முதலில் அடுத்தவரை ஏமாற்றத்தான் பட்டினி கிடந்தார். பிறகு தான் செய்து வைத்த எண்ணைத் தானே நம்பிவிட்டார்.

பாலோ லைன் செத்தது ஒரு பகல்வேளையில். விடியற்காலையிலிருந்து அந்தப் பக்கம் அடைமழை. மாற்றுப் பாதை சாலை அகலப்படுத்தும் வேலையில் ஏற்கெனவே அறுந்து கிடந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அப்படியே ஒரே தாவலில் சிவப்பாகியது. நடுவில் மஞ்சள் என்று ஒன்று வரவேயில்லை. அந்த வட்டாரத்தில் எங்கள் கைப்பேசிக் கோபுரங்கள் எல்லாம் ஊமையாயின. என் மாமியார் வீட்டுப் போனும்தான். மச்சான் அன்று பத்து பாகாட்டில் வேறொரு வேலையில் இருந்தார். தகவல் போனதும் அதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். எங்கள் லைன் செத்த இடத்தில் எங்கள் சிம் கார்டு வேலை செய்யாது என்பதால், வேறொரு நிறுவனத்தின் சிம்மும் வைத்திருப்பார். தோட்டத்துக்குள் போனதும் அதிலிருந்து என்னை அழைத்தார்.

குழிக்குள் முட்டிக்கு மேல் தண்ணீர் என்றார். வேன் சேற்றில் இறங்காது என்று சாலையிலேயே நிறுத்திவிட்டு, செம்பனை மட்டைகள் வெட்டிப் போட்டிருக்கும் வரிசை வழியாக இழை ஒட்டும் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள். செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக முள் இருக்கும், ரப்பர் பூட்ஸை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. தோட்டத்தில் பிறந்த மச்சானுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியதை எனக்குப் போனில் கேட்கும்படி காட்டினார். “சொன்னேனா இல்லையா, கேட்டீங்களா சத்தத்த? ஒங்க போஸுக்குப் போட்டுக் காட்டுங்க.” பிறகு கூடாரத் துணியைக் கட்டி, இழைகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தார்கள். பொழுது சாயும்போது எங்கள் திரையில் பச்சை வந்தது. அறையில் கைதட்டினார்கள். நான் மச்சானிடம் லைன் வந்துவிட்டது என்றேன். அவருக்கு அது போதவில்லை.

“பச்சைய விடுங்க. ப்ரீ-ஃபெக் எவ்வளவு?”

சொன்னேன். அந்த லைனில் அவ்வளவு சின்ன எண்ணை நான் பார்த்ததேயில்லை.

“நின்னு பாருங்க, ஏறுதா?”

“ஏறல மச்சான்.”

“இப்ப வேர்க்கல. செத்துப் பொழச்சிருச்சு,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அசதி இருந்தது, வலி இல்லை. இருக்க வழியில்லை. பாதத்தில் உணர்ச்சி எப்போதோ போய்விட்டது என்பதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இடது பூட்ஸின் அடியைத் துளைத்து ஏறிய முள், பெருவிரலுக்குக் கீழே சதையில் நின்றபடியே அன்று முழுக்க அவரோடு தண்ணீருக்குள் நின்றிருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தது அவருடைய மனைவி. தம்போய் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீர் சிவப்பாக வந்ததாம். மச்சான் குறட்டால் முள்ளைப் பிடுங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மஞ்சள் மருந்தைத் தடவிக் கட்டிக்கொண்டார். மறுநாள் வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நடந்தால் புண் அழுந்துகிறது என்பதற்காக ஸ்பாஞ்சை வெட்டி வைத்தார். அது நனைந்து அமுங்கியதும் அதன்மேல் இன்னொன்று. புண் அகலமானதும் வட்டமும் பெரிதானது. மேலே இருந்த ஸ்பாஞ்சின் வட்டம் கீழே இருந்ததைவிடப் பெரிதாக இருந்ததைப் பிறகு நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். வலிக்காததால் ஆறிக்கொண்டு வருகிறது என்றே அவர் நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவிதான் முகர்ந்து கண்டுபிடித்தாள். காலுறையின்மேல் வாசனைப் பவுடர் தூவிக்கொண்டு வந்திருந்தார். சோறு போட வந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “என்னாண்ணே வாடை இது? காலக் காட்டுங்க,” என்றாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல லா. முள்ளு குத்துனது. ஆறிக்கிட்டு வருது.”

“இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம். அவர் கார் எடுப்பாரு.”

“சுகர் இருந்தாத்தானே பயப்படணும்? இப்பத்தான கிளினிக்ல பாத்தாங்க. நம்பர் எவ்ளோ நல்லா இருந்துச்சு, ஒன்கிட்டயே சொன்னேன்ல?”

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்பிக் கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நானும் வற்புறுத்தினேன், அதட்டினேன், சாவியைக்கூட எடுத்துவிட்டேன். மாமியாரிடம் சொல்லிவிடுவேன் என்று அவள் மிரட்டினாள். அடுத்த வாரம் போகலாம் என்று அம்மா பேரில் சத்தியம் செய்துவிட்டு எழுந்து போனார். கறிக் குழம்பைத் தொடவேயில்லை. அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு காலையில் மாமாக் கடை மேசையிலேயே குளிர் நடுக்கத்தோடு சரிந்துவிட்டார். முன்னால் இருந்தது பாலேறிய தே தாரிக் என்று தண்ணீர் கலக்குகிறவர் பிறகு சொன்னார். பாவம், அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் ஓர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை. புண்ணைப் பார்த்துவிட்டு ரத்தத்தில் என்னென்னவோ எடுத்தாள். மச்சான் அவளிடமும் கிளினிக் எண்ணைச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்கிள், அது அன்னைக்குக் காலைல இருந்த சர்க்கரை. இப்ப நாங்க எடுத்திருக்கிறது மூணு மாசக் கணக்கு. சில நாள் சாப்பிடாம இருந்தா இது கொறையாது. ஒங்களுக்கு இது ரொம்ப மோசமா இருக்கு. பல வருஷமாவே இருந்திருக்கும்,” என்றாள். கால் உணர்ச்சி, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். உடம்பு தாங்கும் மட்டும் தாங்கிவிட்டு, இப்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கைவிட்டிருக்கிறது. நான் மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்தில் ஏதோ ஒன்று பிடிபட்டது தெரிந்தது. என் பக்கம் திரும்பினார்.

“மாப்ளே, இந்தப் புள்ள சொல்றதுதான் ப்ரீ-ஃபெக். நான் பச்சையவே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் லா.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கட்டிலில் கிடக்கும் மனிதரைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஊருக்கெல்லாம் முதல் எண்ணைப் பார் என்று சொன்ன வாய்தானே இது. குழிக்குள் கிடக்கும் ஒரு பெட்டிக்காக மேலாளரோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றவர், தன் காலுக்காக ஒருநாள்கூட நிற்கவில்லை. கோபப்பட்டுக்கொண்டே வெளியே வந்து தாழ்வாரத்தில் அழுதேன்.

முதலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பூட்ஸு வேன்ல கெடக்கு. வலது நல்லா இருக்கு, யாருக்காச்சும் குடுத்துருங்க,” என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு லைன் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வியர்க்கவில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் நஞ்சு ரத்தத்துக்குள் ஏறிவிட்டிருந்தது, சிறுநீரகமும் நின்றுவிட்டது. இரண்டாவது முறை அறுக்க வேண்டும் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மத்தியானம், பார்வை நேரம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் போய்விட்டார். பாலோவிலிருந்து மாமியாரைக் கூட்டிவந்துகொண்டிருந்தோம். மகன் இறந்த செய்தி அந்தக் கிழவிக்கு, பாலோவைத் தாண்டுமுன் காரிலேயே, அந்த மகன் ஒட்டிய லைன் வழியாகத்தான் வந்தது.

வேனில் கிடந்த பூட்ஸை என் மனைவி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எங்கள் நிறுவனம் ஒரு மலர்வளையம் அனுப்பியது. பாலோ லைனைச் சீக்கிரமாகச் சீர்செய்ததற்காக எல்லோருக்கும் நன்றி தெரிவித்து மேலாளர் ஏற்கெனவே ஒரு செய்தி அனுப்பியிருந்தார், அதில் யார் பெயரும் இல்லை. மஞ்சள் எச்சரிக்கையின் எல்லையை மட்டும் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டார்கள். இப்போது மற்ற லைன்களுக்கு அது அடிக்கடி ஒலிக்கிறது. யாரும் பெருமூச்சு விடுவதில்லை, சலித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த செக்கப் வந்தது. மச்சானின் சாவு வீட்டில் பந்தல் கட்டிய, நாற்காலி தூக்கிப் போட்ட அதே ஆட்கள், மாமாக் கடையில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னார்கள்: கோசோங், கோசோங், கோசோங். தண்ணீர் கலக்குகிறவர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. நான் என்ன வேண்டும் என்று சொல்வதற்குள் எனக்கும் வெறும் தேநீர் வந்துவிட்டது. எனக்கும் சர்க்கரை கரையோரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அந்த வாரம் முழுக்க எப்போதும் போலச் சோறு போட்டாள், எப்போதும் போலக் குழம்பு ஊற்றினாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கிளினிக்குக் கிளம்பும் காலையில் பார்த்தால், என் சப்பாத்துக்குப் பக்கத்தில் மச்சானின் இடது பூட்ஸைக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

“அந்த மூணு மாச டெஸ்ட்ட நீங்களா கேட்டு எடுங்க,” என்றாள்.

கேட்டேன். கிளினிக் பெண் என் விரலில் குத்தி அன்றைய எண்ணைப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தான் இருக்கு அங்கிள். எதுக்கு அந்த டெஸ்ட்டு?” என்றாள். நல்ல பெண், சிரித்த முகம். எதற்குத் தோண்ட வேண்டும் என்று என் மேலாளர் கேட்டதும் இதே போன்ற முகத்தோடுதான். எடுத்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டேன்.

முடிவு வந்தது. நன்றாக இல்லை. மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதன் நானில்லை. என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “சரி, இப்பவாச்சும் தெரிஞ்சுதே,” என்று மட்டும் சொன்னாள். பிறகு பின்வாசலுக்குப் போய் இடது பூட்ஸை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அதுவரை உள்ளே இருந்த ஸ்பாஞ்சை யாரையும் எடுக்க விட்டதில்லை. செய்தித்தாளை உருவினாள். ஸ்பாஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டாள். கடைசியாக, அடியில் இருந்தது, கறுத்துக் கட்டையாகிப் போயிருந்தது. அதைப் போடும்போது கை தயங்கியது, போட்டுவிட்டாள். பூட்ஸுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணுமே தட்டுப்படலையே. எங்கங்க குத்துச்சு?”

நான் அதை வாங்கி அடிப்பக்கத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வாய் வழியாக உள்ளே பார்த்தேன். உள்ளே நல்ல இருட்டு. பெருவிரலுக்குக் கீழே வரும் இடத்தில் ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. அவளிடம் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.